வட்டி கேட்கப் போட்ட கையெழுத்து

தையல்காரர் எதையும் கால்சட்டையில்தான் கணக்குப் போடுவார். மின்கட்டணம் மூன்று கால்சட்டை. மனைவியின் முழங்கால் வைத்தியம் மாதம் ஏழு, மழைக்காலத்தில் ஒன்பது. நான்காவது மாடி, லிஃப்ட் இல்லாத வாடகை வீடு, பதினெட்டு. உலகத்தில் உள்ள அத்தனை துன்பங்களுக்கும் இடுப்பும் தொடையும் நீளமும் உண்டு என்பது இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் கண்ட முடிவு.

தொழிலில் அவருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் ஓட்டுத் தையல். துணியை வெட்டி, பிரிப்பதற்கென்றே பெரிது பெரிதாக நாலு ஓட்டம் ஓட்டி, ஆளுக்குப் போட்டுப் பார்ப்பது. பாதிப் பேர் கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேற ரெண்டு கடையிலயும் கேட்டுட்டு வர்றேனே" என்பார்கள். தையல்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வாய்க்குள் நாலு வார்த்தை சொல்லுவார். அப்புறம் நூலின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. தையல் இருந்த சுவடே தெரியாது. சில சமயம் அவருக்கு அந்த வேலைகூட மிச்சம். கண்ணாடி முன்னால் நிற்கும் ஆளே பேச்சுவாக்கில் இழுத்துவிடுவார். தொங்குகிற நூலைக் கண்டால் இழுக்காமல் இருக்கும் கை இன்னும் பிறக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வீடு அகப்பட்டது. எதிர்த் தெருவில், தரைத்தளத்தில், இரண்டே அறை. விற்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். பார்க்கப் போன அன்று மனைவி அறைகளைப் பார்க்கவில்லை, சமையல் மேடையைத் தட்டிப் பார்க்கவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் இடையில் ஆறு தடவை நடந்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, "படியே இல்லைங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் காதில் விழவில்லையோ என்று, "ஒரு படிகூட இல்லைங்க" என்று மறுபடியும் சொன்னாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேற யாருக்கும் பேச மாட்டேன்" என்றார் நர்ஸ். "அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. எனக்கும் அவசரம் இருக்கு."

அன்றைக்கு வீடு திரும்பி, நான்கு மாடியையும் பதினோரு இடத்தில் நின்று ஏறிய மனைவி, மூச்சு வாங்க ஒரு கட்டளை போட்டாள்.

"நாலு வங்கியில வட்டி கேளுங்க. கேட்டு முடிக்கிற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. பேனாவைக் கண்டா உங்க கை சும்மா இருக்காது."

"கையெழுத்துப் போட்டா என்ன, மாட்டிக்குவோமா?"

"யாருக்குத் தெரியும்? தெரியாததுனாலதான் போடாதீங்கன்னு சொல்றேன்."

திங்கட்கிழமை காலை அவர் முதல் வங்கிக்குப் போனார். பளிங்குத் தரை, உயரமான கூரை, உள்ளே நுழைந்ததுமே செருப்பின் சத்தம் தனக்கே மரியாதைக் குறைவாகத் தோன்றும் மாதிரியான கட்டடம். வீட்டுக் கடன் மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். அவருடைய கோட்டில் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருப்பதைத் தையல்காரர் கவனித்தார். சொல்லவில்லை.

"வட்டி எவ்வளவுங்க சார்?"

மேலாளர் கண்களை மூடித் திறந்தார். "ரொம்ப நல்ல கேள்வி. அதை விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் சொல்லுவோம்."

"நான் விண்ணப்பிக்கத்தான் சார் வந்திருக்கேன். வட்டி தெரிஞ்சா..."

"தெரிஞ்சுக்கிட்டு விண்ணப்பிக்கிறதுல என்ன பெருமை? தெரியாம விண்ணப்பிக்கிறதுக்குப் பேருதான் நம்பிக்கை. இந்த வங்கி நம்பிக்கையில கட்டினது." கூரையைக் காட்டினார். தையல்காரரும் அண்ணாந்து பார்த்தார். நம்பிக்கை ரொம்ப உயரத்தில் இருந்தது.

இடது ஓரத்தை மறைத்துக் கிளிப் போட்ட நாற்பத்தாறு பக்கப் படிவம் ஒன்று மேஜைக்கு வந்தது. கூடவே கறுப்பாக, கனமாக, தங்கக் கழுத்து வைத்த பேனா ஒன்று. மனைவி சொன்னது நினைவிருந்தது. ஆனால் பேனா ஏற்கெனவே விரலுக்கிடையில் இருந்தது. வட்டி கேட்கத்தானே என்று போட்டார். அப்படியே நாற்பத்தாறு இடத்திலும் போட்டார்.

கடைசிக் கையெழுத்து முடிந்ததும் எங்கேயோ ஒரு மணி அடித்தது. கவுண்டர்களில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் அவரைச் சுவரோரம் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார். அது சூடாறுவதற்குள் சட்டம் போடப்பட்டு, "நம் உறவுகள்" என்று எழுதிய சுவரில் மாட்டப்பட்டது. படத்தில் அவர் கண் மூடியிருந்தது. பக்கத்துப் படங்களிலும் எல்லோருக்கும் கண் மூடியே இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

"ஒன்பதரை" என்றார் மேலாளர்.

தையல்காரர் மனதுக்குள் கால்சட்டைகளை அடுக்கினார். அடுக்கு கூரையை இடித்தது. "சரிங்க சார். வேற ரெண்டு இடத்துலயும் கேட்டுட்டு வர்றேனே."

கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் அந்த மண்டபத்தின் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"இவரை விசுவாசப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மேலாளர், தாழ்ந்த குரலில், மயக்கம் போட்டவரைப் பற்றிச் சொல்வதுபோல.

விசுவாசப் பிரிவு பின்பக்கம், காற்றில்லாத அறை. அதன் அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். கோபமே இல்லை. நோயாளியைப் பார்க்கும் கனிவோடு பார்த்தார்.

"விசாரிக்கணும்னு எப்பலேர்ந்து தோணுது?"

"வீட்டுல சொல்லி அனுப்பினாங்கம்மா."

"ஓ, குடும்பத்துலயே இருக்கா?" குறித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. இதுல நாலு நிலை இருக்கு. நடந்து போறப்ப வேற வங்கிப் பலகையைப் பார்க்கிறது முதல் நிலை. நின்னு பார்த்தா ரெண்டாவது. உள்ள போய்க் கேட்டா மூணாவது."

"நாலாவது?"

"அங்க தண்ணி வாங்கிக் குடிக்கிறது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நிலைக்குப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

"நான் போட்டது வெறும் விண்ணப்பந்தானேம்மா? கடனே இன்னும் குடுக்கலையே?"

"கடன் என்னய்யா கடன், அது இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும். மனசுன்னு ஒண்ணு இருக்கே?"

அவர் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார். வங்கிகள் இல்லாத தெருக்களாகப் பார்த்து வீடு போய்ச் சேரும் வழி அதில் சிவப்பு மையில் போட்டிருந்தது. எட்டு நிமிடத்தில் போகும் வீட்டுக்கு அன்று தையல்காரர் ஒரு மணி நேரம் நடந்தார். நடுவில் ஒரு ரயில்பாதையைத் தாண்ட வேண்டியிருந்தது.

கதையைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. 

"வட்டி கேட்கப் போனவரு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க."

"கையெழுத்துப் போட்டாத்தான் வட்டியே சொல்லுவாங்களாம்."

"நாளைக்கு அடுத்த வங்கிக்குப் போங்க. வரைபடத்தை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

இரண்டாவது வங்கியில் கவுண்டர்ப் பெண் அவருடைய வாடிக்கைக்காரி. அவள் போட்டிருந்த பழுப்பு கோட்டு அவர் தைத்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கரும்பலகையில் வட்டி விகிதம் எழுதியிருந்தது. தையல்காரருக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, ஐந்தடி முன்னால் போனால் படித்துவிடுவார்.

"வாங்கண்ணே. வேற எங்கயும் கையெழுத்துப் போடலையே?"

தையல்காரருக்குப் பொய் சொல்ல வராது. தொழிலில் நாள் குறிக்கும்போது மட்டும் வரும். "போட்டேம்மா. முந்தாநேத்து... இல்ல, நேத்து."

அவள் சட்டென்று ஒரு கயிற்றை இழுத்தாள். கரும்பலகை மேல் திரை விழுந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு வங்கியில கையெழுத்துப் போட்டவங்ககிட்ட நாங்க வட்டி பேசக் கூடாது. அது நாகரிகமில்ல. மனவிலகல் சான்று வாங்கிட்டு வாங்க."

"வட்டியை மட்டும் சொல்லேன்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள..."

அவள் இடமும் வலமும் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தி, "அண்ணே, என் கோட்டுல எத்தனை பொத்தான் வச்சீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"ஆறு."

"எட்டு" என்றாள் அழுத்தமாக. "எட்டு பொத்தான். அதோட கால் பொத்தான் ஒண்ணு."

கால் பொத்தான் என்று ஒன்று தையல் உலகத்தில் கிடையாது. தையல்காரர் தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் நின்றார். எட்டேகால். ஒன்பதரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவில், இருபது வருடத் தவணைக்கு, ஏறக்குறைய எண்ணூறு கால்சட்டை. ஒரு வருடத்துக்கும் மேலான ஆயுளை, இரண்டு காலும் விரித்துப் போட்டமாதிரி, அவர் நடுத்தெருவில் பார்த்தார். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியது.

முதல் வங்கிக்குத் திரும்பிப் போனவரிடம், மனவிலகல் சான்றுக்கு மூன்று காரணங்கள் மட்டுமே செல்லும் என்றார் விசுவாச அதிகாரி. விண்ணப்பதாரர் இறந்துபோதல், புத்தி பேதலித்தல், வங்கி மூழ்கிப்போதல். முதல் காரணமானால் விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். இரண்டாவதானால் தான் தெளிவாக இருப்பதாக மருத்துவரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். மூன்றாவது காரணத்தை நினைத்துப் பார்ப்பதே நான்காம் நிலையைவிட மோசம்.

"இதுல எதுவும் இல்லைன்னா?"

"மேலாளர் முன்னால விசாரணை கேட்கலாம். அதுவும் விசாரிக்கிறதுதான். ஆனா நாங்க உங்களை விசாரிக்கிறது, அதனால தப்பில்ல." நாட்குறிப்பைப் புரட்டினார். "அடுத்த மாசம் இருபத்தி மூணு?"

தையல்காரர் விரலை மடக்கி வெள்ளிக்கிழமை வரை எண்ணினார். அவர் முகத்தைப் பார்த்த அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, ஒரு பெயரை அடித்துவிட்டு, "வியாழக்கிழமை பதினோரு மணி. யார்கிட்டயும் சொல்லாதீங்க, இங்க இரக்கத்துக்குத் தனிப் பிரிவு இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை மனைவி தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். நான்கு மாடி இறங்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, "எட்டேகால்" என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

மேலாளர் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் பதினைந்து இருபது பேர் மடியில் தைத்த கோப்போடு விசாரணைக்குக் காத்திருந்தார்கள். எல்லோரும் சுவரில் பார்த்த முகங்கள். கண் திறந்திருந்ததால் அடையாளம் காணக் கொஞ்சம் நேரமானது. கதவு திறந்தே கிடந்தது. வெளிப்படைத்தன்மைக்காக அப்படி ஒரு விதி.

உள்ளே மேஜையின் மூலையில் கோப்புக் குமாஸ்தா உட்கார்ந்து, தையல்காரரின் நாற்பத்தாறு பக்கத்தையும் கோணி ஊசியால் அட்டையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். இந்த வங்கியில் தைத்த கோப்புத்தான் கோப்பு. தைத்தால் பிரிக்கக் கூடாது. குமாஸ்தாவின் கட்டை விரலில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி. நூல் ஒரு பக்கம் தொய்ந்தும் ஒரு பக்கம் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி இறுகியும் கிடந்தது. தையல்காரர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்த்தால் தாங்காது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "சுதந்திரம் இந்த வங்கியோட உயிர்மூச்சு. விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஊரெல்லாம் சுத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாங்க தடுக்கவே மாட்டோம்."

"ஒப்பிட்டுப் பார்க்க உங்க வட்டி தெரியணுமே சார்?" என்றாள் மனைவி.

"விண்ணப்பிச்சா சொல்லிடுவோமே!"

"விண்ணப்பிச்ச பிறகு ஒப்பிடலாமா?"

"கூடாதும்மா. அதுக்குத்தான் முன்னாடி அவ்வளவு சுதந்திரம் குடுத்திருக்கோம்." அவருக்கே தன் பேச்சு பிடித்திருந்தது. "போட்டியை நாங்க வரவேற்கிறோம். போட்டி இல்லைன்னா வட்டி ஏறிடும், ஜனங்க கஷ்டப்படுவாங்க. ஆனா எல்லாரும் எல்லா இடத்துலயும் கேட்க ஆரம்பிச்சா, கேட்டவங்களுக்கெல்லாம் குறைக்க வேண்டி வரும். அப்புறம் அதுக்குப் பேரு வங்கியா?"

"சரிங்க சார். இவரு உங்களுக்குக் கட்டுப்பட்டவருங்கறீங்க. நீங்க இவருக்குக் கடன் குடுக்கறது நிச்சயந்தானே?"

மேலாளர் நிஜமாகவே அதிர்ந்தார். "அதெப்படிம்மா? இன்னும் பரிசீலிக்கவே ஆரம்பிக்கலையே. விண்ணப்பம்ங்கறது வெறும் விண்ணப்பந்தானே? அது எங்களை எப்படிக் கட்டும்?"

இந்தக் கேள்வியின் அழகை யாராவது ரசித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து குமாஸ்தா ஊசியைக் கோணலாகக் குத்தி, "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்தார். தையல்காரர் திரும்பிவிட்டார். திரும்பியவர் பார்த்துவிட்டார். பார்த்தபின் வீடு, வட்டி, வெள்ளிக்கிழமை எல்லாம் பறந்துபோயின.

"என்னண்ணே இப்படித் தைக்கிறீங்க? முடிச்சைக் கொண்டுபோய் நடுவுல போட்டா நூல் நிக்குமா? இங்க குடுங்க." கோப்பை வாங்கினார். நூலின் வாலைத் தேடிப் பிடித்தார். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் ஒரே இழுப்பு.

சர்ரென்று நாற்பத்தாறு பக்கமும் விடுபட்டு மேஜைமேல் சரிந்தன.

 மேலாளர் பக்கத்தில் நின்ற விசுவாச அதிகாரியின் கண்ணாடி சங்கிலியில் ஆடியது. என்ன செய்தோம் என்பது தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல சார், நல்லா தைச்சுக் குடுக்கத்தான்... ரெண்டே நிமிஷம்..." காகிதங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கினார்.

ஒரு தாள் மனைவியின் காலடியில் விழுந்திருந்தது. முழங்காலை மடக்க முடியாததால் அவள் அதைச் செருப்பால் நகர்த்தி, நாற்காலிக் காலோடு சேர்த்து நிமிர்த்தி, எடுத்தாள். முதல் பக்கம். அதன் இடது ஓரத்தில், இத்தனை நேரம் தையலுக்குள் புதைந்திருந்த இடத்தில், எறும்பு வரிசைபோல ஒரு வரி செங்குத்தாக ஏறிப்போனது. அவள் தாளைத் திருப்பிப் பிடித்தாள். நான்கு மாடிக்குக் கீழே இருக்கும் காய்கறி வண்டியை ஜன்னலில் இருந்தே நிறுத்திப் பழகிய குரல் அவளுக்கு.

"'இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது கடன் பெறும் கட்டாயத்தை உண்டாக்காது. விண்ணப்பதாரர் பிற நிறுவனங்களிலும் விசாரித்து, தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம்.'"

பெஞ்சில் ஏதோ அசைந்தது.

"இது எப்ப அச்சடிச்சது?" என்றார் மேலாளர்.

"முதல்லேர்ந்தே இருக்கு சார்" என்றார் குமாஸ்தா, விரலை வாயிலிருந்து எடுத்து. "நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு. தைக்கிறப்ப உள்ள போயிடும். ஓரந்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப இத்தனை வருஷமா யாருமே நமக்குக் கட்டுப்படலையா?"

"கட்டுப்பட்டாங்க சார்" என்றார் விசுவாச அதிகாரி. "அதுதானே விசுவாசம்? கட்டாயம் இருந்திருந்தா எனக்கு எதுக்கு சார் ஒரு பிரிவு?"

மேலாளர் பதில் யோசிப்பதற்குள் வாசலில் ஒரு வயதானவர் நின்றார். தன் கோப்பை நீட்டினார். மேலாளரிடம் இல்லை. "தம்பி, எனக்கும் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்களேன்."

அவருக்குப் பின்னால் பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது. தையல்காரர் பையிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மதியம்வரை பிரித்தார். குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து, பிரிந்த நூலையெல்லாம் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பத்து வருடம் குத்திய விரல் அது. அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

அன்று மாலைக்குள் அந்த முதல் பக்கத்தைக் காட்டி இன்னும் மூன்று வங்கியில் கேட்டார்கள். ஒன்று ஒன்பது என்றது, ஒன்று ஒன்பதேகால், ஒன்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. பழுப்பு கோட்டுப் பெண் அந்த ஒற்றைத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டுத் திரையை மேலே ஏற்றினாள். எட்டேகாலுக்கு அவள் கொடுத்த கடன் உறுதிக் கடிதத்தோடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றபோது, நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வந்துட்டீங்களா, நல்லது" என்றார், அவ்வளவுதான். மனைவி உள்ளே போய் அதே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்த முறை படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள், வெகு நாள் வேலை பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதுபோல.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார் அந்த வாசலில் வந்து நின்றது. முதல் வங்கியின் மேலாளர் இறங்கினார். வலது தோள் சரியாகவும் இடது தோள் அரை அங்குலம் கீழேயும் உள்ளே வந்தன.

"எங்க கோப்பெல்லாம் இனி நல்ல கையால தைக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டாயிரத்து முந்நூறு கோப்பு. ஓரத்துல ஒரு அங்குலம் கூடுதலா உள்ள போகணும்."

"அந்த வரியையே எடுத்துடலாமே சார்?"

"அதை அச்சடிக்கணும்னு சட்டம் இருக்கு. படிக்கிற மாதிரி தைக்கணும்னு சட்டம் இல்ல." ஒப்பந்தத்தை நீட்டினார். கறுப்புப் பேனாவும் கூடவே வந்தது. "ஊர்ல ஆறு தையல்காரர்கிட்ட விலை கேட்டாச்சு. குமாஸ்தாவை அனுப்பிக் கேட்டப்ப நீங்க சொன்னதுதான் குறைவு. ரெண்டு பேரு இன்னும் குறைக்கிறேன்னாங்க, அவங்களையும் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தாச்சு."

"ஆறு பேரையா சார் விசாரிச்சீங்க?"

"பின்ன?" மேலாளருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "விசாரிக்காம எவனாவது கையெழுத்துப் போடுவானா?"

உள்ளறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பார்வையில் அனல் இருந்தது. தையல்காரர் ஒப்பந்தத்தை ஓரம்வரைக்கும் பிரித்து, தாளைத் திருப்பித் திருப்பிப் படித்து, முடித்ததும் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு கால்சட்டை என்று மனதுக்குள் அடுக்கினார். அடுக்கு அழகாக இருந்தது.

"என்னங்க இது? பிரிச்ச கையாலயே தைக்கப் போறீங்களா?"

"நீ உட்காரு" என்றார்.

கோப்புகள் வண்டியில் வந்து இறங்கின. அவர் எல்லாவற்றையும் ஒரு அங்குலம் கூடுதலாக உள்ளே மடித்து, நேர்கோடாக, பார்ப்பவர் மெச்சும்படி தைத்தார். வங்கியிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ரெண்டாயிரத்து முந்நூறும் ஓட்டுத் தையல். முடிச்சு கிடையாது. ஒவ்வொன்றிலும், விண்ணப்பதாரரின் வலது கைக்கு எட்டுகிற மூலையில், சிவப்பு நூலின் வால் ஒன்றை இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தொங்க விட்டிருந்தார்.